வடக்கே வந்த ழகரம்

பாட்டனாரின் பெயரைத் தாங்குபவன் ஆதலின் பெயரன். பாட்டியாரின் பெயரைத் தாங்குபவள் ஆதலின் பெயர்த்தி. பிள்ளைக்குப் பெயர் தேடும் வேலை நம் முன்னோர்க்குப் பெரிதாக இருந்ததில்லை என்பதற்கு இவ்விரு சொற்களே சான்று. பெயர் வீட்டிலேயே இருந்தது; எடுத்துச் சூட்டினார்கள். அதனை எழுதுவதற்கு ஊரில் ஒரே எழுத்துத்தான் வழங்கிற்று. வேலை தேடி வடக்கே வந்து தில்லியில் தங்கிவிட்ட நம் போன்றோரின் வீட்டில் பிறக்கும் குழந்தையின் பெயரோ, முதல் நாளிலேயே மூன்று ஆடைகளை உடுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. வீட்டிலே தமிழ் எழுத்து. குடும்ப அட்டையிலும் வாக்காளர் அட்டையிலும் நாகரி எழுத்து. பள்ளியிலும் வங்கியிலும் அலுவலகத்திலும் ஆங்கிலத்திற்குரிய உரோமன் எழுத்து. இம்மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போவன அல்ல. நாம் வாழும் நகரின் பெயரையே நம்மவர் தில்லி என்றும் டில்லி என்றும் டெல்லி என்றும் எழுதிக்கொண்டிருக்கும்போது, பிறரைக் குறை கூறுவதற்கும் வாய் வரவில்லை.

சென்ற ஆவணித் திங்களில் நம் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த அன்று நல்ல மழை. தாய்மாமன் என்ற உரிமையில் நாம் 'எழிலி' என்னும் பெயரைச் சொன்னோம். மேகத்தைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல், சுருக்கமானது, பொருளும் அன்றைய நாளுக்குப் பொருந்தியது. மைத்துனருக்குப் பெயர் பிடித்திருந்தது. தங்கைதான் மறுத்தாள்.

"அண்ணா, பெயர் அழகுதான். ஆனால் அதில் 'ழ' இருக்கிறது. இந்தியில் எழுதினால் 'ஏஜிலி' ஆகும்; ஆங்கிலத்தில் 'எல்' போட்டால் 'எலிலி' ஆகும்; நம் பிள்ளைகளே 'எலி' என்று கூப்பிடுவார்கள். அம்மா பட்ட பாட்டைப் பார்த்த பிறகுமா இந்த ஆசை?" என்றாள்.

அன்னையார் பட்ட பாடு என்ன என்பதை இங்குச் சொல்லியாக வேண்டும். அவர் மயிலாடுதுறைக்கு அருகில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். அவருடைய பெயரின் முதற்பகுதி 'குழந்தை' என்பது. அப்பகுதிச் சிற்றூர்களில் அது பெரியவர்களுக்கும் இயல்பாக வழங்கிய பெயரே. தந்தையார் மைய அரசுப் பணியில் சேர்ந்து தில்லிக்கு வந்தபோது, வாரிசுப் படிவத்தில் மனைவியின் பெயரைத் தட்டச்சு செய்தவர் காதில் விழுந்தபடி 'கொலந்தை' என்று ஆங்கிலத்தில் அடித்தார். பின்னர் வங்கிக் கணக்கில் இசட்டும் எச்சும் சேர்ந்து 'குழந்தை' ஆயிற்று. குடும்ப அட்டையின் நாகரி எழுத்தில் 'குலந்தை'. வாக்காளர் அட்டையில் 'குஜந்தை'. அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மையார் 'குலந்தை பெஹன்ஜி' என்று அன்போடு அழைப்பார். இவரும் திரும்பிப் பார்ப்பார். தந்தையார் இருந்தவரையில் இந்நான்கும் நான்கு அறைகளில் வாழ்ந்த நான்கு சகோதரிகளைப் போல ஒருவரையொருவர் சந்திக்காமலே இருந்தன.

2014இல் தந்தையார் மறைந்தார். குடும்ப ஓய்வூதியத்திற்காக நான்கு தாள்களும் ஒரே மேசையின்மேல் வந்து சேர்ந்தன. அந்த மேசை எந்த அலுவலகத்தில் இருந்தது என்பது இங்கு வேண்டா. 'இந்நால்வருள் ஓய்வூதியத்திற்கு உரியவர் யார்?' என்பதே கேள்வி. முத்திரைத்தாளில் உறுதிமொழிப் பத்திரம், அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரிகளின் சான்று, சொந்த ஊரிலிருந்து ஒரு சான்று, மீண்டும் ஓர் உறுதிமொழிப் பத்திரம் என எட்டுத் திங்கள் கழிந்தன. ஐம்பது ஆண்டுகள் தம் பெயராகத் தாங்கி வந்த ஒன்றைத் தமது பெயர்தான் என்று மெய்ப்பிக்க, அந்த அம்மையார் கோடை வெயிலில் படிக்கட்டு ஏறி இறங்கினார். ஒரு நாள் திரும்பி வந்து, "அவர் போனது ஒரு துக்கம். நான் இருக்கிறேனா என்று கேட்கிறார்களே, இது இன்னொரு துக்கம்" என்றார்.

அம்மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்தவரைப் பழிக்க நமக்கு உரிமை இல்லை. நாமும் ஓர் எழுத்தரே. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, பணிப்பதிவேட்டில் ஒரு வகையாகவும் விண்ணப்பத்தில் ஒரு வகையாகவும் 'லதா' என்ற பெயர் எழுதப்பட்டிருந்த கோப்பு ஒன்றை, ஓர் எழுத்து மிகையாக இருக்கிறது என்று குறிப்பெழுதி நாமே திருப்பி அனுப்பியிருக்கிறோம். விதிப்படி அது சரி. அந்த அம்மையாரும் எங்கோ ஒரு படிக்கட்டில் ஏறி இறங்கியிருப்பார் என்பது நம் வீட்டில் அது நடந்த பிறகே உறைத்தது.

ஆகவே தங்கையின் மறுப்பை வெறும் நாகரிக மோகம் என்று தள்ள இயலவில்லை. இத்தொல்லை எப்போது தொடங்கிற்று என்று அறியும் ஆவலால், விடுமுறை நாட்களில் நூலகத்தில் அமர்ந்து சில நூல்களைப் புரட்டினோம். தொடக்கம் நாம் எண்ணியதைவிட மிகத் தொலைவில் இருந்தது.

அசோகப் பேரரசரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு, மக்களுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ வசதி செய்ததைக் கூறுவது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டில், பேரரசின் எல்லைக்கு அப்பாலிருந்த தமிழ் வேந்தர் குறிக்கப்படுகின்றனர். குசராத்தின் கிர்நார் மலையிலுள்ள படியில் சோழர் 'சோடா' என்று எழுதப்பட்டுள்ளனர். வடபுலத்து மொழியிலும் எழுத்திலும் ழகரம் இல்லை; எழுதியவர் தம் காதுக்கு அண்மையில் இருந்த டகரத்தைப் போட்டார். வடக்கே வந்த ழகரத்தின் முதல் விபத்து இதுவே எனலாம். அத்துடன் நிற்கவில்லை. அதே கிர்நார்ப் படியில் பாண்டியர் 'பாடா' என்றும், சேரர் 'கேதலபுதோ' என்றும் உள்ளனர். நம்மில் பலர் விடுமுறைக்குச் செல்லும் தேராதூனுக்கு அப்பால், யமுனைக் கரையில் கால்சி என்னும் ஊர் இருக்கிறது. அங்குள்ள பாறையில் அதே ஆணை மீண்டும் வெட்டப்பட்டிருக்கிறது. அங்கே 'பண்டியா', 'கேலலபுதோ'. ஒரே அரசர், ஒரே ஆணை. ஆயினும் ஊருக்கு ஊர் பெயரின் எழுத்து வேறு. அன்னையாரின் நான்கு அட்டைகளை நினைத்துக்கொண்டோம்.

அக்கல்வெட்டில் சோழ பாண்டியரோடு 'சதியபுதோ' என்று ஒருவர் பெயரும் வருகிறது. இவர் யார் என்பதில் அறிஞர்கள் நெடுங்காலம் மாறுபட்டனர். மேற்குக் கரையில் தேடியவர் உண்டு. தகடூர் அதியமான்களே என்று கருதியவரும் உண்டு. 1981இல் திருக்கோவலூரை அடுத்த ஜம்பை என்னும் ஊரின் குன்றில் ஒரு தமிழ்பிராமிக் கல்வெட்டு கண்டுபிடிக்கப்பட்டது. அதில் 'சதியபுதோ' என்ற பட்டமும் அதியன் நெடுமான் அஞ்சி என்ற பெயரும் ஒரே வரியில் அடுத்தடுத்து நின்றன. 'அதியமகன்' என்பதன் 'மகன்' வடக்கே 'புத்திரன்' ஆகி, தமிழில் 'மான்' எனத் தேய்ந்தது என்று விளக்குவர். ஔவையாருக்கு நெல்லிக்கனி ஈந்த குடியினர், எழுத்து மாறிய ஒரே காரணத்தால் ஈராயிரம் ஆண்டுகட்கு மேல் 'இவர் யார்?' என்ற கேள்விக்கு ஆளாகி நின்றனர். எட்டுத் திங்கள் குறைந்த காலமே.

அசோகருக்குச் சற்றுப் பிந்திய காலத்தில் தமிழகத்து நிலை என்ன? மதுரைக்கு அருகில் மாங்குளம் குன்றுகளில் சமண முனிவர்க்குக் கற்படுக்கை அமைத்துக் கொடுத்த செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. அதனைக் கி.மு. இரண்டாம் நூற்றாண்டினது என்பர் ஐராவதம் மகாதேவன். அவர் நம்மைப் போலவே அரசுப் பணியில் இருந்தவர் என்பதையும், அப்பணியினூடே இவ்வெழுத்துக்களை ஆராய்ந்தார் என்பதையும் ஒரு பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அங்கே பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயர் வருகிறது. வடக்கிலிருந்து வந்த பிராமி எழுத்தையே தமிழர் எடுத்துக்கொண்டனர். ஆனால் தம் மொழிக்கு வேண்டிய ழ, ள, ற, ன ஆகியவற்றுக்குத் தனி வடிவங்களை அமைத்துக்கொண்டனர். அதனால் செழியனின் ழகரம் சிதையாமல் நின்றது. பெயரைச் சிதைத்தது கடன் வாங்கிய எழுத்து அன்று. அவ்வெழுத்தில் நமக்கு வேண்டியதைச் சேர்க்காமல் விட்டதே என்பது இதனால் தெரிகிறது.

கடல் வழியே வந்தவர்களின் கதையும் இதுவே. கேரளபுத்திரனைப் பிளினி 'கேலோபோத்ராஸ்' ஆக்கினார். சோழமண்டலம் ஐரோப்பியர் வாயில் 'கோரமண்டல்' ஆயிற்று என்பது பெரும்பாலோர் ஒப்பும் கருத்து. ஹௌராவிலிருந்து சென்னைக்கு ஓடும் விரைவு வண்டியில் ஏறும் கல்கத்தாத் தமிழர்கள், தாங்கள் சோழ நாட்டின் பெயரிலேயே பயணம் செய்வதை எண்ணிப் பார்ப்பதில்லை. அசோகரிடம் ட, போர்த்துக்கீசியரிடம் ர, இன்றைய இந்தியிலும் ஆங்கிலத்திலும் ல. ஒரே ழகரத்திற்கு மூன்று மாற்றுருவங்கள்! பழவேற்காடு 'புலிகாட்' ஆனதும், கோழிக்கோடு 'காலிகட்' ஆனதும், ஆலப்புழை 'ஆலெப்பி' ஆனதும் இவ்வகையினவே.

மொழியின் பெயரே தப்பவில்லை. 1554இல் லிஸ்பன் நகரில் தமிழை உரோமன் எழுத்தில் அச்சிட்டு வெளியான சமய நூலின் தலைப்பில் நம் மொழி 'தமுல்' எனப்பட்டது. 1716இல் சீகன்பால்க் ஜெர்மனியின் ஹாலே நகரில் வெளியிட்ட இலக்கண நூலில் அது 'தாமுலிகா'. அதுவும் டி என்னும் எழுத்தில் தொடங்காமல், தகரத்திற்கு மெல்லொலியாகிய டீ எனும் எழுத்தில் தொடங்கியது. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்துத் தரங்கம்பாடியில் அச்சான வீரமாமுனிவரின் இலக்கணத்தில் மீண்டும் 'தமுலிகா' ஆயிற்று. அம்முனிவர் தமிழ் எழுத்தையே திருத்தி, ஏகார ஓகார வேறுபாட்டைத் தெளிவாக்கியவர். அவருக்கே ழகரத்தை இலத்தீனில் எழுத வழி இருக்கவில்லை. சென்னை மாநிலம் 1969 சனவரி 14ஆம் நாள் தமிழ்நாடு என்று பெயர் மாறியபோதும், ஆங்கிலத்தில் நின்றது 'எல்' என்ற எழுத்தே. இன்றும் அதை மாற்றி இசட்-எச் இட வேண்டும் என்பாரும், வழங்கி வந்தது வழங்கட்டும் என்பாரும் உண்டு.

இதுவரை படித்த அன்பர்கள், 'பிறர் நம் பெயர்களைக் கெடுத்தார்கள்' என்று பெருமூச்சு விட்டிருந்தால், அதை ஒரு கணம் நிறுத்த வேண்டுகிறோம். நாம் பிறர் பெயரை என் செய்தோம்? வடசொல்லை எடுத்தாளும்போது வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தால் அமைக்க வேண்டும் என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. அந்நெறியிலே நின்று கம்பர் இலட்சுமணனை 'இலக்குவன்' ஆக்கினார். விபீடணனை 'வீடணன்' ஆக்கினார். நமக்கு அவை இனிக்கின்றன. அயோத்தியில் பிறந்த ஒருவரிடம் 'இலக்குவன்' என்று சொல்லிப் பாருங்கள். அவர் முகத்தில் தோன்றும் திகைப்பும், 'குஜந்தை' என்று கேட்டபோது நமக்குத் தோன்றிய திகைப்பும் ஒன்றே. ஒரு மொழி பிறமொழிப் பெயரைத் தன் நாவிற்கேற்ப வளைப்பது இயற்கை. அதில் பகை இல்லை.

மேலும், ழகரத்தை நாமே எவ்வளவு போற்றுகிறோம்? தென் மாவட்டங்களில் வாழைப்பழம் 'வாளப்பளம்'. சென்னைத் தெருவில் 'வாயப்பயம்'. தில்லியில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளோ இவ்விரண்டையும் விட்டு 'வாலப்பலம்' என்கின்றனர். தமிழ் வகுப்பு நடத்தும் அன்பர்களுக்கு இது நன்கு தெரியும். வீட்டிலேயே ஒலிக்காத எழுத்தை அரசுப் படிவத்தில் தேடுவது முறையா என்ற கேள்வி நியாயமானது.

லதாவின் கதைக்கு வருவோம். நாம் திருப்பி அனுப்பிய கோப்பில் மிகையாக இருந்த எழுத்து 'எச்'. தென்னாட்டினர் தகரத்திற்கு டி-எச் என்றும் டகரத்திற்கு டி என்றும் எழுதுகின்றனர். வடநாட்டினர் இரண்டிற்கும் டி மட்டுமே எழுதி, 'எச்' வந்தால் அதனை மூச்சு மிகுந்த வர்க்க எழுத்தாகப் படிக்கின்றனர். ஆகவே கீதா, லதா, சங்கீதா என்ற நம் பெண்மணிகள், வடநாட்டு எழுத்தரின் கையில் நாகரிக்கு மாறும்போது கனத்த ஒலியுடைய 'தா'வைப் பெற்றுவிடுகின்றனர். இதில் எவர் தவறும் இல்லை. தமிழில் வர்க்க எழுத்து கிடையாது; 'எச்' வேலையின்றி நின்றது; அதற்கு நம்மவர் வேறு வேலை கொடுத்தனர். வடமொழிகளிலோ அதற்கு ஏற்கெனவே முழு நேரப் பணி இருந்தது. 1870களில் டபிள்யூ. டபிள்யூ. ஹண்டர் என்னும் ஆங்கில அதிகாரி ஊர்ப்பெயர்களை ஒரே சீராக எழுத வகுத்த முறையை அரசு ஏற்றுக்கொண்டது. அம்முறையும் வடநாட்டு வழக்கை ஒட்டியதே.

தென்னாட்டு வழக்கிலும் ஒருமை இல்லை. இரயில்வே கால அட்டவணையை எடுத்துப் பாருங்கள். தஞ்சாவூருக்கும் தேனிக்கும் டி-எச். திருச்சிராப்பள்ளிக்கும் திருநெல்வேலிக்கும் வெறும் டி. அண்டை மாநிலத்துத் திருவனந்தபுரத்திற்கு மீண்டும் டி-எச். 2020 சூன் திங்களில் தமிழ்நாடு அரசு, 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்களைத் தமிழ் ஒலிப்புக்கு நெருக்கமாக மாற்றி ஆணை வெளியிட்டது. கோயம்புத்தூருக்கு வழங்கிய புதிய ஆங்கில உருவம் நீண்டுபோய் ஓர் எழுத்துத் தொடர்வண்டியாகவே நின்றது. பல திசைகளிலிருந்தும் குறைகள் எழவே, சில நாட்களில் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. ஓர் அரசே ஊர்ப்பெயரில் தடுமாறும்போது, ஒரு தாய் தன் மகள் பெயரில் தயங்குவதைக் குறை சொல்லலாமா?

ழகரம் தில்லிக்கு இவ்வளவு மிகுதியாக வந்து சேர்ந்ததற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. 1916 முதல் மறைமலையடிகள் வளர்த்த தனித்தமிழ் உணர்ச்சி பெயர்களிலும் புகுந்தது. வேதாசலம் என்ற தம் பெயரையே அவர் தமிழாக்கிக்கொண்டவர். பின்னர்த் திராவிட இயக்கம் அதனை மேடைதோறும் பரப்பியது. இராமையா அன்பழகனானார்; நாராயணசாமி நெடுஞ்செழியனானார். மாங்குளத்துப் பாறையிலிருந்த பெயர் ஈராயிரம் ஆண்டு கழித்துத் தமிழக அமைச்சரவையில் அமர்ந்தது. அவர்களைப் பின்பற்றி ஆயிரக்கணக்கான இல்லங்களில் தமிழரசிகளும் கயல்விழிகளும் எழிலரசர்களும் பிறந்தனர். இவர்களிற் பலர் படித்து, தேர்வெழுதி, மைய அரசுப் பணிக்கும் வங்கிப் பணிக்கும் வடக்கே வந்தபோது, இங்குள்ள தட்டச்சுப் பொறி அவர்களுக்காகக் காத்திருந்தது! ஆங்கிலத்தில் இசட்-எச் என்று எழுதும் வழக்கம் பரவியிருந்தது. அதை இந்தியர் 'ஜ' என்றோ அதன் வர்க்க எழுத்தாகவோ படித்தனர். இன்றும் இந்தி நாளிதழ்களில் கனிமொழி 'கனிமோஜி'யாகவும், கோழிக்கோடு 'கோஜிகோட்' ஆகவும் வருவதைக் காணலாம். ஆங்கில எழுத்தின் வழியே சுற்றி வராமல் தமிழிலிருந்து நேராக இந்திக்கு வந்தால் இவ்வளவு கேடு நேராது.

நேராக வர வழி உண்டா? உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, ழகரத்தை அடியில் கோடிட்ட 'எல்' என்ற எழுத்தால் குறித்தது. அறிஞர்க்கு அது போதும். படிவத்தில் கோடிட இடம் ஏது? நாகரியில் நிலைமை சற்று மேல். ளகரத்திற்குரிய எழுத்தின் கீழ் ஒரு புள்ளி வைத்தால் அது ழகரம் என்று வகுத்திருக்கின்றனர். எகர ஒகரக் குறில்களுக்கும் அவ்வாறே தனி உருவங்கள் உண்டு. மாங்குளத்தில் நம் முன்னோர் வடவெழுத்துக்குச் செய்ததை, நம் காலத்தில் நாகரிக்கு ஆட்சிமொழி அறிஞர்கள் செய்திருக்கின்றனர் என்று நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் அவ்வெழுத்துக்களைப் பெயர்ப்பலகையிலோ அட்டையிலோ காண்பது அரிது. இருக்கின்றன, கேட்பார் இல்லை.

தங்கையிடம் இவ்வளவையும் சொன்னோம். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணா, அசோகருக்கு ஆதார் அட்டை இல்லை" என்றாள்.

அவள் சொன்னதில் பெரிய உண்மை இருந்தது. முற்காலத்தில் பெயர் பல விதமாக எழுதப்பட்டதால் கேடு மிகுதியாக விளையவில்லை. ஆளை அறிந்தவர்கள் சுற்றி இருந்தனர். கண்ணால் படித்த எழுத்தர், 'கொலந்தையும் குழந்தையும் ஒருவரே' என்று புன்னகையோடு ஒப்பமிட முடிந்தது. இப்போது கணிப்பொறி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. ஓர் 'எச்' மிகுந்தால் அதற்கு அவர் வேறொருவர். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் இயற்றப்பட்டது. 2023இல் அதில் திருத்தம் வந்தது. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் தொடங்கிப் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, கடவுச்சீட்டு, அரசுப் பணி போன்ற பலவற்றிலும் பிறந்த நாளுக்கும் இடத்திற்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். நம் எழிலி அதன் பிறகு பிறந்தவள். அச்சான்றிதழில் விழும் எழுத்து அவளை வாழ்நாள் முழுவதும் தொடரும்.

இங்கு அன்பர்கள் பலர் அறியாத ஒரு வசதி உண்டு. குழந்தை பிறந்த உடனே பெயரைப் பதிய வேண்டிய கட்டாயமில்லை. பெயரின்றிப் பிறப்பைப் பதிந்துவிட்டு, ஓராண்டிற்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். அதன் பின்னும் பதினைந்து ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்க விதி இடந்தருகிறது. சேர்ப்பது எளிது, சேர்த்ததைத் திருத்துவதுதான் கடினம். மருத்துவமனையில் அவசரத்தில் யாரோ கேட்க, யாரோ சொல்ல, யாரோ எழுதிய எழுத்தையே பல குடும்பங்கள் சுமந்துகொண்டிருக்கின்றன. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக முன்னே வைக்கும் நம் வழக்கத்தையும், குடும்பப்பெயர் கேட்கும் இங்குள்ள படிவத்தையும் எவ்வாறு பொருத்துவது என்பதையும் அந்த ஓராண்டிற்குள்ளேயே முடிவு செய்து கொள்வது நலம். அது தனிக் கட்டுரைக்குரிய துன்பம், இங்கு விரிக்கவில்லை.

ஆகவே நாம் தங்கையிடம் வேண்டியது இதுதான்: பெயரைக் காதுக்காகத் தேர்ந்தெடுப்போம், எழுத்தைத் தாளுக்காகத் தேர்ந்தெடுப்போம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டா. எந்த எழுத்தும் ழகரத்தை முழுமையாகச் சொல்லப்போவதில்லை. ஈராயிரத்து இருநூறு ஆண்டுகளாகச் சொல்லவில்லை. எதை எழுதினாலும் அதையே எல்லா இடத்திலும் எழுத வேண்டும் என்பதே நம் அன்னையாருக்குக் கிட்டாமற்போன காவல்.

தங்கை அன்னையாரைப் பார்த்தாள். "என் பெயர் பட்ட பாடு போதும். வாயில் நுழைகிற பெயராக வையுங்கள்" என்று முதலில் சொன்னவர் அவர்தான். இப்போது சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "என்னை இங்கே ஒருவரும் சரியாகக் கூப்பிட்டதில்லை. உங்கள் அப்பா ஒருவர்தான் கூப்பிட்டார். இவளைக் கூப்பிட நாம் ஐந்து பேர் இருக்கிறோம் அல்லவா?" என்றார். அவ்வளவில் பேச்சு முடிந்தது.

பெயர் சூட்டு நாளன்று குழந்தையின் செவியில் மூன்று முறை பெயரைச் சொன்னவர் அன்னையாரே. காவிரிக்கரை ழகரம் எந்தக் கலப்பும் இன்றி ஒலித்தது.

ஒரு வாரம் கழித்து மைத்துனரும் நாமும் பதிவு அலுவலகத்திற்குச் சென்றோம். இரு மொழிகளிலும் பெயரைத் தெளிவாக எழுதிய தாளை முன்கூட்டியே எடுத்துச் சென்றிருந்தோம். ஆங்கிலத்தில் இ, இசட், எச், ஐ, எல், ஐ. நாகரியில் குறில் எகரமும், புள்ளி வைத்த எழுத்தும். அங்கிருந்த இளைஞர் புள்ளியைப் பார்த்துவிட்டு, இப்படி ஓர் எழுத்து இல்லையே என்றார். இருக்கிறது என்றோம். பெயரை ஒரு முறை சொல்லச் சொன்னார். தாமும் சொல்லிப் பார்த்தார். முதல் முறை 'எஜிலி'. இரண்டாம் முறை 'எரிலி'. மூன்றாம் முறை நாவை மடித்து ஏறத்தாழ வந்துவிட்டார். பிறகு விசைப்பலகையில் ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போனார். அவ்வெழுத்து அங்கே இருந்தது. இத்தனை ஆண்டுகளாக அதைத் தாம் ஒருமுறையும் அழுத்தியதில்லை என்று வியப்போடு சொன்னார்.

அச்சிட்டு வந்ததை நாமும் மைத்துனரும் மாறி மாறி எழுத்தெண்ணிப் படித்தோம். வீட்டிற்கு வந்ததும் அன்னையார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சான்றிதழை வாங்கிப் பார்த்தார். தில்லிப் பேருந்துகளின் பலகைகளைப் படித்தே நாகரி கற்றவர் அவர்.

"இதென்ன கீழே ஒரு புள்ளி? மை சிந்திவிட்டதா?" என்றார்.

"இல்லை அம்மா. அதுதான் நம் 'ழ'" என்றோம்.